அறுபத்தாறு

எனக்கு முகங்கள் தெரியாது.
திரையில் சுழலும் தாடைகள் தெரியும்,
ஈறின் மேடு பள்ளம், எலும்பின் அடர்த்தி,
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்.
அவெய்ரோ நகரில், கால்வாய்க்குப் பின்தெருவில்,
பகலிலும் விளக்கெரியும் கீழ்த்தளத்தில்
பல் செய்கிறேன்.

அந்த எண்ணின் பெயர் எர்மெலிந்தா என்பது
எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காலை எட்டுக்கு,
மேலே ஆடிக்கொண்டிருந்த ஒன்பதும் வெளியே வந்தன.
முந்தின இரவு நான் அச்சிட்ட தகட்டை
ஈறின்மேல் வைத்து, அதன் துளைகள் வழியே
கஸ்பார் நான்கு டைட்டானியத் திருகுகளை இறக்கினார்.
முன்னிரண்டும் நேராக;
பின்னிரண்டும் சைனஸுக்கு வழிவிட்டு,
எதிர்காற்றில் நடப்பவன் போலச் சாய்ந்து.
முப்பத்தைந்தில் கருவி கிளிக்கென்றது.
அதில்சன் அதை உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டான்.
நான்கு திருகிலும் குட்டிக் கொடிகள் நட்டு
ஒத்தீலியா படமெடுத்தாள்.
அவள் கேமராவைக் கீழே வைக்குமுன்
படம் மூன்று மாடி இறங்கி
என்னிடம் வந்துவிட்டது.

பிறகு இயந்திரம் கடைந்தது, நான் மெருகிட்டேன்.
நாலரை மணிக்குப் பன்னிரண்டு பல், ஒரே வளைவு.
பிழை பன்னிரண்டு மைக்ரான்:
தலைமுடியில் கால்வாசிகூட இல்லை.
திரை முழுக்கப் பச்சை.
வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் தொலைபேசி.
"மேலே வா."
பதினோரு வருடத்தில்
நீர்க்குழாய் உடைந்தபோது மட்டும் ஏறிய படிகள்.

கன்னம் வீங்கி,
கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கி,
பேருந்தைத் தவறவிடப் போகிறவள் போல் உட்கார்ந்திருந்தாள்.
"இன்னொரு தடவை சொல்லுங்கள்," என்றாள் ஒத்தீலியா.
"ஸெஸ்ஸேன்ட்டா இ ஸெய்ஷ்."
அறுபத்தாறு.
ஒவ்வொரு எஸ்ஸிலும் ஒரு கெட்டில் கொதித்தது.

சனிக்கிழமைதோறும் தீயணைப்போர் சங்கக் கூடத்தில்
பிங்கோ எண்களைக் கூப்பிடுபவளாம்.
"தொண்ணூறு பந்து.
அறுபதிலிருந்து எழுபதுவரை
ஒளிந்துகொள்ள இடமே இல்லை, சார்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே பல் வந்து
சொல் போயிருந்தது.

"நாக்கு பழகிவிடும், இரண்டு வாரம்," என்றார் கஸ்பார்.
"கடி சரியாகத்தான் விழுகிறது," என்றாள் ஒத்தீலியா.
நான் பன்னிரண்டு மைக்ரானைச் சொன்னேன்.
அவரவர் சரியாக இருந்தோம்.
அவள் மறுபடி விசிலடித்தாள்.

நாள் முழுக்க எச்சில் உறிஞ்சும் குழாய் பிடிக்கும் அதில்சன்
தரையைப் பார்த்தபடி சொன்னான்:
"நேற்று ஊசிக்கு முன், பயத்தில், எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.
நாக்கு இன்னும் முன்னால் போய்த் தொட்டது.
இப்போது அங்கே இடமில்லை."

முன்பற்களின் பின்புறம்.
உடைந்துவிடக் கூடாதென்று
நான் கூட்டி வைத்த அரை மில்லிமீட்டர்.
எந்தக் கருவியும் அதைப் பிழை என்று காட்டாது.
அது என் பயம்;
அளவு பிசகாமல் கடைந்து தந்திருந்தது இயந்திரம்.

திருகுகளைக் கழற்றி, கழுவி,
பஞ்சுத்துணியில் வைத்துக் கொடுத்தார்கள்.
என் வேலை ஒன்று
வாயின் சூட்டோடு என் கைக்குத் திரும்பியது
அதுதான் முதல் முறை.

இறங்கினேன், தேய்த்தேன், ஏறினேன்.
அறுபத்தாறு. கெட்டில்.
இறங்கினேன். விரல் நுனியால் தடவிப் பார்த்து,
இன்னும் கொஞ்சம்.
மூச்சு வாங்க ஏறினேன்.

அறுபத்தாறு.

யாரும் கைதட்டவில்லை.
கஸ்பார் அடுத்த ஆளுக்குக் கை கழுவப் போயிருந்தார்.
அவள் அறுபத்தேழையும் எழுபத்தாறையும்
சில்லறை எண்ணிப் பார்ப்பதுபோல் சொல்லிப் பார்த்துவிட்டு
சூப் எவ்வளவு சூடாகக் குடிக்கலாம் என்று கேட்டாள்.

கணினி நூலகத்தில் அந்தப் பல்லின் கனத்தை
நான் மாற்றி வைக்கவில்லை.
அடுத்த வாய் வேறு.

வீக்கம் வடிந்தபின் ஒரு சனிக்கிழமை
அதில்சனும் நானும் கடைசி வரிசையில்
ஆளுக்கு ஓர் அட்டையோடு உட்கார்ந்தோம்.
ஒலிபெருக்கியில் அந்த எண் வந்தது,
ஓரம் மழித்த காகிதம் போல் சுத்தமாக.

என் அட்டையில் அது இல்லை.